போடிமெட்டில் வெள்ளம் கேட்பவர்: ஆட்டிசமும் அலுவலக மொழியும்

போடிநாயக்கனூரிலிருந்து 17 கொண்டை ஊசி வளைவுகளைக் கடந்து மேலேறும் நெடுஞ்சாலை, போடிமெட்டில் தமிழ்நாட்டை விட்டு இடுக்கி மாவட்டத்துக்குள் நுழைகிறது. இரு மாநிலங்களின் சோதனைச் சாவடிகளும் அங்கே உள்ளன. தேனி மாவட்டத்துத் தொழிலாளர்களை ஏற்றிக்கொண்டு ஏலத்தோட்டங்களுக்குச் செல்லும் ஜீப்புகள் காலையில் மேலேறுகின்றன, மாலையில் இறங்குகின்றன. இந்த எல்லையில் இரண்டு மொழிகள் நாள்தோறும் உரசிக்கொள்கின்றன. மலையாளி ஒருவர் தேநீர்க் கடையில் ‘வெள்ளம்’ கேட்டால், கடைக்காரர் குவளையில் தண்ணீர் தருகிறார். தமிழில் வெள்ளம் என்பது ஆற்றில் பெருகி வருவது. ஆயினும் கேட்டவருக்கு ஏதோ குறைபாடு இருக்கிறது என்று கடைக்காரர் நினைப்பதில்லை. கேட்பவரும் கடைக்காரரைக் குறை கூறுவதில்லை. புரியாமை ஏற்பட்டால் இருவருமே ஓரடி முன்வந்து அதைச் சரிசெய்கிறார்கள். இரு மொழிகளுக்கு நடுவே நேரும் இடறலின் பொறுப்பு இருவருடையது என்பது எல்லையில் வாழ்வோருக்கு யாரும் கற்பிக்க வேண்டாத பாடம்.

இதே பாடம் அலுவலகக் கதவைத் தாண்டும்போது மறந்துபோகிறது. ஆட்டிசம் உடைய ஓர் ஊழியருக்கும் அவருடைய மேலதிகாரிக்கும் இடையே புரிதல் தடைபட்டால், ‘அவருக்குத் தொடர்பாடல் திறன் போதாது’ என்ற ஒற்றை வரியோடு விசாரணை முடிந்துவிடுகிறது. ஒரு தொடர்பாடல் முறிய இருவர் தேவை. ஆனால் பழி ஒருவர் பெயரில் மட்டுமே எழுதப்படுகிறது. இந்தக் கணக்கு மொழியியல் அடிப்படையில் தவறானது, சட்ட அடிப்படையிலும் ஏற்கத்தக்கதன்று என்பதே இப்பதிவின் வாதம்.

முதலில் ஆய்வுலகம் என்ன சொல்கிறது என்று பார்க்கலாம். ஆட்டிசம் உடையோருக்குப் பிறர் மனத்தை உணரும் ஆற்றல் குறைவு என்ற கருத்து 1980களிலிருந்து செல்வாக்குப் பெற்றிருந்தது. 2012இல் டேமியன் மில்டன் என்ற பிரித்தானியச் சமூகவியலாளர் இதை மறுத்து ‘இருவழிப் பரிவுச் சிக்கல்’ என்ற கருத்தை முன்வைத்தார். மில்டன் தாமே ஆட்டிசம் உடையவர். ஆட்டிசம் உடையவர் மற்றவரைப் புரிந்துகொள்ளத் தடுமாறுவது உண்மையெனில், மற்றவர் ஆட்டிசம் உடையவரைப் புரிந்துகொள்ளத் தடுமாறுவதும் அதே அளவு உண்மை என்பது அவருடைய நிலைப்பாடு. உலகை உணரும் முறை வேறுபடும் இருவருக்கு இடையில்தான் சிக்கல் பிறக்கிறது. ஒருவரின் மூளைக்குள் அது குடியிருக்கவில்லை.

2020இல் கேத்தரின் கிராம்ப்டனும் உடனாய்வாளர்களும் இதைச் சோதித்தனர். ஒரு கதையை ஒருவர் அடுத்தவருக்குச் சொல்ல, அவர் அதற்கடுத்தவருக்குச் சொல்லும் சங்கிலி முறையை அவர்கள் கையாண்டனர். ஆட்டிசம் உடையவர்கள் மட்டுமே இருந்த சங்கிலி, ஆட்டிசம் இல்லாதவர்கள் மட்டுமே இருந்த சங்கிலிக்கு இணையாகச் செய்தியைக் கடத்தியது. இருவகையினரும் கலந்த சங்கிலியில்தான் செய்தி அதிகம் சிதைந்தது. பின்னர் 2025இல் வெளியான பெரிய ஆய்வில், கலப்புச் சங்கிலியிலும் அத்தகைய வேறுபாடு காணப்படவில்லை. இவ்விரண்டு முடிவுகளும் ஒன்றோடொன்று முழுமையாகப் பொருந்தவில்லை என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும். எனினும் இரண்டுமே ஒரு புள்ளியில் ஒத்துப்போகின்றன: ஆட்டிசம் உடையவரால் செய்தியைத் திறம்படக் கடத்த இயலாது என்ற பொதுநம்பிக்கைக்கு எந்த ஆய்வும் சான்று தரவில்லை.

அப்படியானால் அலுவலகத்தில் எது உடைகிறது? விடையைத் தமிழ் அலுவலகங்களின் அன்றாட வாக்கியங்களில் தேடலாம். ‘பார்க்கலாம்’ என்று மேலதிகாரி கூறினால் பெரும்பாலும் அது மறுப்பு. ‘முடிந்தால் இன்றைக்கே கொடுத்துவிடுங்கள்’ என்பது வேண்டுகோளின் உடையணிந்த கட்டளை. ‘நாம் இதை நாளைக்குள் முடித்துவிடலாம்’ என்பதில் வரும் ‘நாம்’ வியப்புக்குரியது. கேட்பவரையும் உள்ளடக்கும் ‘நாம்’, கேட்பவரை விலக்கும் ‘நாங்கள்’ என்ற தெளிவான பாகுபாடு தமிழின் சிறப்புகளுள் ஒன்று. அலுவலகத்தின் ‘நாம்’ இந்த இலக்கணத்துக்குள் அடங்குவதில்லை. அங்கே அது பெரும்பாலும் பேசுபவரை விலக்கி, கேட்பவரை மட்டுமே குறிக்கிறது. மேலதிகாரி பாதி வேலையைத் தாம் செய்வார் என்று நம்பிக் காத்திருக்கும் ஊழியர், தமிழ் இலக்கணத்தின்படி சரியாகவே புரிந்துகொண்டிருக்கிறார். ஆனால் அவருடைய பெயரில் ‘பொறுப்பற்றவர்’ என்ற குறிப்பு ஏறுகிறது.

சொல்லுக்கும் கருத்துக்கும் உள்ள இந்த இடைவெளியைப் பால் கிரைஸ் 1975இல் வெளியான தம் கட்டுரையில் கோட்பாடாக்கினார். உரையாடுவோர் ஒத்துழைக்கிறார்கள் என்ற ஊகத்தின் மேல்தான் மறைபொருள் கட்டப்படுகிறது என்றார் அவர். பெனலோப்பி பிரவுனும் ஸ்டீபன் லெவின்சனும் நயத்தக்க பேச்சு பற்றிய தங்கள் புகழ்பெற்ற ஆய்வுக்கு மூன்று மொழிகளின் தரவுகளை முதன்மையாகக் கொண்டனர். அவற்றுள் ஒன்று கோயம்புத்தூர் மாவட்டத்துக் கிராமத் தமிழ். மறைமுகமாகப் பேசுவது உலகப் பொதுவானது என்றாலும், யார் யாரிடம் எந்த அளவுக்கு மறைமுகமாகப் பேசுவது என்பதை அதிகாரமும் நெருக்கமும் தீர்மானிக்கின்றன என்பது அவர்கள் காட்டிய உண்மை. அதாவது இது கற்றுக்கொண்ட மரபு. கற்றுக்கொண்ட மரபை அறியாதவரை நோயாளி என்று அழைப்பது மொழியியலாளருக்கு ஒவ்வாத செயல்.

தமிழுக்கே உரிய இன்னொரு சிக்கலும் உண்டு. சார்ல்ஸ் பெர்குசன் 1959இல் விளக்கிய இரட்டை வழக்கு நிலைக்குத் தமிழ் ஒரு செவ்விய எடுத்துக்காட்டு. எழுத்துத் தமிழும் பேச்சுத் தமிழும் வெவ்வேறு விதிகளில் இயங்குகின்றன. எழுத்தில் விதிகள் வெளிப்படையானவை, நூலிலிருந்து கற்கலாம். பேச்சில் விதிகள் புழக்கத்தில் மட்டுமே கிடைக்கின்றன. டுனிசியாவில் ஆட்டிசம் உடைய குழந்தைகள் சிலர் வீட்டில் புழங்கும் பேச்சரபியை விட்டு, தொலைக்காட்சி வழியே கேட்ட செவ்வழக்கு அரபியைப் பேசுவதை மிக்கெயில் கிசினும் உடனாய்வாளர்களும் 2019இல் பதிவு செய்துள்ளனர். தமிழிலும் இக்கேள்வியை ஆராய வேண்டும். தேநீர் இடைவேளையில் ‘நான் இப்பணியை நாளை நிறைவு செய்வேன்’ என்று எழுத்து வழக்கில் பேசும் ஊழியரைச் சக ஊழியர்கள் கேலி செய்வது எளிது. அவர் பிடித்துக்கொண்டிருப்பது தமிழின் இரண்டு வழக்குகளில் தெளிவான விதிகள் உடைய ஒன்றை என்பதைக் காண்பது சற்றுக் கடினம்.

பெயரிடுதலில் தொடங்குகிறது இந்தப் பார்வைக் குறைவு. தமிழ்நாட்டு அரசு ஆவணங்களில் ஆட்டிசத்துக்குப் ‘புற உலகச் சிந்தனையற்ற மதி இறுக்கம்’ என்ற தொடர் வழங்கிவருகிறது. இதில் ஒவ்வொரு சொல்லும் ஒரு தீர்ப்பு. புற உலகச் சிந்தனை அற்றவர் என்று ஒருவரை ஆவணமே அறிவித்துவிட்ட பின், அவரோடு எப்படிப் பேசுவது என்று யோசிக்கும் கடமை யாருக்கும் மிஞ்சுவதில்லை. 1943இல் 11 குழந்தைகளைப் பற்றிய கட்டுரையால் இத்துறையைத் தொடங்கி வைத்தவர்களுள் ஒருவரான லியோ கேனர்கூட இவ்வளவு தூரம் செல்லவில்லை. பொருளற்றவை என்று தோன்றும் அக்குழந்தைகளின் சொற்கள், அவை பிறந்த சூழலை அறிந்தவருக்குப் பொருளுடையவையே என்று 1946இல் அவர் எழுதினார். கேட்பவர் சற்று முயன்றால் பொருள் கிடைக்கும் என்பது எண்பது ஆண்டுகளுக்கு முன்பே தெரிந்த செய்தி.

இவை கருத்தரங்கில் மட்டும் பேசிக் கலையத்தக்க கேள்விகள் அல்ல. புரியாமையின் விலை தகுதிகாண் பருவ அறிக்கையிலும் பதவி உயர்விலும் விளக்கம் கேட்கும் குறிப்பாணையிலும் செலுத்தப்படுகிறது. கண்ணைப் பார்த்துப் பேசாதவர் எதையோ மறைக்கிறார் என்று கொள்ளப்படுகிறது. கூட்டத்தில் பிழையைப் பிழை என்று சொன்னவர் அடக்கமற்றவர் ஆகிறார். ஒரே அறிவுறுத்தலைக் குறித்து மூன்று முறை ஐயம் கேட்டவர் திறமையற்றவர் ஆகிறார். தம் நிலையை வெளியே சொன்னால் குடும்பத்துத் திருமணப் பேச்சு வரை அது பாதிக்கும் என்று அஞ்சுவோரும் உண்டு. சொல்லாவிட்டால் நடத்தைக் குற்றம், சொன்னால் நோயாளி முத்திரை என்ற இரண்டுக்கும் நடுவே, நாள் முழுவதும் மற்றவரைப் போல் நடித்து மாலையில் சோர்ந்து விழுவதே பலருக்கு எஞ்சும் வழி. உள்ள ஆற்றலில் பாதி நடிப்புக்குச் செலவானால் வேலைக்கு என்ன மிஞ்சும் என்று நிறுவனங்கள் கணக்கிட்டுப் பார்ப்பதில்லை.

சட்டம் இதில் தெளிவாகவே பேசுகிறது. 1995ஆம் ஆண்டுச் சட்டம் ஏழு வகைக் குறைபாடுகளை மட்டுமே ஏற்றது. அவற்றில் ஆட்டிசம் இல்லை. மாற்றுத்திறனாளிகள் உரிமைகள் சட்டம் 2016, அந்த எண்ணிக்கையை 21 ஆக உயர்த்தி ஆட்டிசத்தையும் சேர்த்தது. அரசுப் பணியிடங்களில் 4 விழுக்காட்டு இடஒதுக்கீட்டுக்குள் ஆட்டிசம் உடையோருக்கும் இடம் தந்தது. அளவுமீறிய சுமை ஏற்படாத வகையில் செய்யத்தக்க மாற்றங்களை ‘நியாயமான வசதி ஏற்பாடு’ என்று வரையறுத்து, அதை மறுப்பதையே பாகுபாடு என்றது. அரசு நிறுவனங்கள் அவ்வசதியைத் தர வேண்டும் என்று 20ஆம் பிரிவு கூறுகிறது. அரசு உதவி பெறும் அமைப்புகளும் இச்சட்டத்தின்படி அரசு நிறுவனங்களே என்பதை உதவிபெறும் கல்லூரிகள் கவனிக்க வேண்டும். தனியார் உள்ளிட்ட ஒவ்வொரு நிறுவனமும் சமவாய்ப்புக் கொள்கையை வெளியிட வேண்டும் என்கிறது 21ஆம் பிரிவு. இவற்றையெல்லாம்விட மொழி மாணவர்கள் கவனிக்க வேண்டியது 2ஆம் பிரிவில் உள்ள ‘தொடர்பாடல்’ என்பதன் வரையறை. பிரெய்லும் சைகை மொழியும் இடம்பெற்ற அதே பட்டியலில் எழுத்தும் எளிய மொழியும் இடம்பெற்றுள்ளன. தெளிவாகச் சொல்லுங்கள், எழுதித் தாருங்கள் என்று ஓர் ஊழியர் கேட்பது சலுகை வேண்டல் ஆகாது. சட்டத்தின் சொற்களுக்குள்ளேயே அது இருக்கிறது.

உச்ச நீதிமன்றமும் இதே திசையில் நகர்ந்துள்ளது. 2021 பிப்ரவரியில் விகாஷ் குமார் வழக்கில், 40 விழுக்காட்டு அளவுகோலை எட்டாதவருக்கும் நியாயமான வசதி ஏற்பாடு உண்டு என்று தீர்ப்பளித்தது. எழுதும்போது கை இறுகும் நிலையால் தேர்வில் உதவி எழுத்தர் கேட்டு மறுக்கப்பட்டவரின் வழக்கு அது. அதே ஆண்டு டிசம்பரில் ரவீந்தர் குமார் தாரிவால் வழக்கு முடிவுக்கு வந்தது. மத்திய ரிசர்வ் காவல் படை அதிகாரியான அவர் மனநலக் குறைபாட்டோடு ஒழுங்கு நடவடிக்கையை எதிர்கொண்டவர். குற்றம் சாட்டப்பட்ட நடத்தைக்கு மனநலக் குறைபாடு ஒரே காரணமாக இருக்க வேண்டியதில்லை, காரணங்களுள் ஒன்றாக இருந்தாலே அத்தகைய நடவடிக்கை மறைமுகப் பாகுபாடு ஆகலாம் என்றது நீதிமன்றம். அவர் ஆட்டிசம் உடையவர் அல்லர். ஆனால் நடத்தை என்று பெயரிடப்படுவதன் பின்னே வேறொன்று இருக்கக்கூடும், அதைத் தேடாமல் தண்டிப்பது அநீதி என்ற அத்தீர்ப்பின் தர்க்கம் ஆட்டிசத்துக்கும் பொருந்தும்.

இங்கே மீண்டும் எல்லையை நினைப்பது பயனுடையது. இந்திய அரசமைப்பின் 350ஆம் உறுப்பு, தம் குறையை எந்த அலுவலருக்கும் ஒன்றியத்திலோ மாநிலத்திலோ வழங்கும் எந்த மொழியிலும் முறையிடும் உரிமையை ஒவ்வொருவருக்கும் தருகிறது. கேரளத்தின் ஆட்சிமொழிச் சட்டம் தமிழ், கன்னடச் சிறுபான்மையினர் மாநில அரசுக்குத் தத்தம் மொழியிலேயே எழுதவும் அம்மொழியிலேயே விடை பெறவும் வழி செய்திருக்கிறது. மூணாறு, பீர்மேடு பகுதிகளின் தமிழர்களுக்கு இது இரக்கத்தால் கிடைத்தது என்று எவரும் சொல்வதில்லை. சிறுபான்மை மொழியினரின் உரிமை என்றே சொல்கிறார்கள். பெரும்பான்மையின் மொழியைக் கற்பது சிறுபான்மைக்கு நன்மை தரும். எனினும் கற்று முடிக்கும் வரை நீதி காத்திருக்க வேண்டியதில்லை என்பதே அந்த உரிமையின் உட்பொருள். நியாயமான வசதி ஏற்பாடும் இதே குடும்பத்தைச் சேர்ந்த உரிமை.

இதற்கு வழக்கமாக எழும் மறுப்புகளை ஒதுக்கிவிட முடியாது. முதலாவது, மறைமுகப் பேச்சு மரியாதையின் வடிவம், அதை எடுத்துவிட்டால் அலுவலகம் முரட்டுத்தனமாகிவிடும் என்பது. ஆங்கிலத்துக்கு இவ்வாதம் ஓரளவு பொருந்தலாம், தமிழுக்குப் பொருந்தாது. தமிழில் மரியாதை வினைமுற்றிலேயே அமர்ந்திருக்கிறது. ‘இந்தக் கோப்பை வெள்ளிக்கிழமை மாலை 5 மணிக்குள் எனக்கு அனுப்பிவிடுங்கள்’ என்ற வாக்கியத்தில் நாள், நேரம், செயல், பெறுபவர் என எல்லாமே தெளிவு. ‘-ங்கள்’ என்ற விகுதி மரியாதையைச் சுமக்கிறது. தெளிவுக்கும் பணிவுக்கும் ஒரே வாக்கியத்தில் இடம் தரும் மொழியைக் கையில் வைத்துக்கொண்டு, மரியாதைக்காகவே தெளிவைக் கைவிடுகிறோம் என்பது ஏற்கத்தக்க சாக்கு அன்று.

இரண்டாவது மறுப்பு செலவு பற்றியது. வாய்மொழியாகச் சொன்னதை இரண்டு வரியில் எழுதி அனுப்ப எந்த நிதி ஒதுக்கீடும் வேண்டாம். ஐந்து வேலைகளைக் கொடுக்கும்போது எது முதலில் என்று எண்ணிட்டுக் கொடுப்பதற்கும், கூட்டத்தின் பொருள்நிரலை முந்தைய நாளே அனுப்புவதற்கும் சில நிமிடங்கள் போதும். ஐயம் கேட்க ஒருவரைக் குறிப்பிட்டு நியமிப்பது, குறையைப் பலர் முன் சாடையாகச் சொல்லாமல் தனியே நேராகச் சொல்வது, முடியாது என்றால் முடியாது என்றே சொல்வது ஆகியவற்றுக்கும் விலை இல்லை. இவற்றால் பயன்பெறுபவர் ஆட்டிசம் உடையவர் மட்டுமல்லர். புதிதாகச் சேர்ந்தவர், வேற்று மொழியினர், கிராமத்திலிருந்து முதல் தலைமுறையாக அலுவலகம் வந்தவர் ஆகிய அனைவரும் இதே மறைபொருள் சுவரில் முட்டிக்கொள்பவர்களே. சுவரின் உயரம் மேல்தட்டில் பிறந்து வளர்ந்தவரின் கண்ணுக்கு மட்டும் தெரிவதில்லை.

இதற்குப் போடியின் ஏலக்காய் வணிகம் ஒரு நல்ல முன்மாதிரி. போடிநாயக்கனூரிலும் இடுக்கியின் புற்றடியிலும் ஏலக்காய் மின்னணு முறையில் ஏலம் விடப்படுகிறது. காயின் பருமன் மில்லிமீட்டரில் சொல்லப்படுகிறது. ஒரு லிட்டர் காயின் எடை கிராமில் சொல்லப்படுகிறது. விலை திரையில் தெரிகிறது. அங்கே வாங்குபவர் விற்பவரின் முகக்குறிப்பைப் படிக்கத் தேவையில்லை. பெரும் பணம் கைமாறும் இடத்தில் எல்லாவற்றையும் வெளிப்படையாகச் சொல்ல மனிதர்கள் கற்றுக்கொண்டுவிட்டார்கள். ஓர் ஊழியரின் வாழ்வாதாரம் கைமாறும் இடத்தில் அதே கவனத்தைக் கேட்பது மிகையான கோரிக்கை ஆகாது.

மூன்றாவது மறுப்பு, ஆட்டிசம் உடையவரும் மாறிக்கொள்ள வேண்டாமா என்பது. அவர்கள் மாறிக்கொண்டே இருக்கிறார்கள். எந்தப் புன்னகைக்கு எந்தப் பதில், எத்தனை நொடி கண்ணைப் பார்ப்பது என்று மற்றவர் எண்ணாமல் செய்வதை எண்ணி எண்ணிச் செய்கிறார்கள். கேட்கப்படுவது அந்த முயற்சியின் மறுபாதி. மேலும், ஆட்டிசம் உடையவர் எல்லாரும் கணினி மேதைகள் என்ற கற்பனையும் தீங்கானது. டென்மார்க்கில் 2004இல் தொடங்கப்பட்ட ஸ்பெஷலிஸ்டர்ன் நிறுவனமும், 2013இல் எஸ்ஏபி நிறுவனம் அறிவித்த வேலைத்திட்டமும் மென்பொருள் துறையில் வழி திறந்தன, அவை பாராட்டத்தக்கவை. ஆனால் மேதைமையை நிரூபித்தவருக்கு மட்டும் தெளிவான பேச்சு என்பது நீதி அன்று. மளிகைக் கடையில் கணக்கு எழுதுபவருக்கும், தோட்டத்தில் காய் தரம் பிரிப்பவருக்கும், பேச்சே வாராமல் எழுதியோ படம் காட்டியோ தொடர்புகொள்பவருக்கும் அதே உரிமை உண்டு.

இறுதியாக, பல்கலைக்கழகத்தைப் பற்றி. ஆய்வு மாணவருக்கும் உதவித்தொகையில் பணிபுரியும் இளம் ஆய்வாளருக்கும் பல்கலைக்கழகமே பணியிடம். எழுதப்படாத விதிகள் அங்கே மிகுதி. ‘இந்த இயலை இன்னும் கொஞ்சம் பாருங்கள்’ என்ற நெறியாளரின் சொல், ஒற்றுப்பிழை திருத்தம் முதல் இயலையே மாற்றி எழுதுவது வரை எதையும் குறிக்கலாம். வாய்மொழித் தேர்வில் உடனடி மறுமொழி தராதவர் ஆய்வை அறியாதவர் என்று கொள்ளப்படுகிறார். பேச்சின் மறைபொருளைக் கோட்பாடாகக் கற்பிக்கும் துறைகளிலேயே அம்மறைபொருளால் மாணவர்கள் தோற்பது நகைமுரண். நெறியாளர் சந்திப்புக்குப் பின் முடிவுகளை எழுத்தில் பதிவது, வாய்மொழித் தேர்வில் வினாவை எழுத்திலும் தந்து யோசிக்க நேரம் அளிப்பது, நேர்காணல் எப்படி நடக்கும் என்பதை முன்கூட்டியே அறிவிப்பது ஆகிய மூன்றையும் ஒரு துறைக்கூட்டத்தின் தீர்மானத்திலேயே தொடங்கிவிடலாம்; அரசாணைக்குக் காத்திருக்க வேண்டியதில்லை. சமவாய்ப்புக் கொள்கை தம் நிறுவனத்தில் வெளியிடப்பட்டுள்ளதா, அதில் தொடர்பாடல் பற்றி ஒரு வரியேனும் உள்ளதா என்று மாணவர் அமைப்புகளும் ஆசிரியர் சங்கங்களும் இந்தப் பருவத்திலேயே கேட்க வேண்டும். இல்லையெனில் எழுதித் தரும்படி கேட்க வேண்டும். எழுதப்பட்ட சொல்லுக்கு மறைபொருள் குறைவு. அதைப் பின்னர் ‘பார்க்கலாம்’ என்று தள்ளிப்போடுவதும் கடினம்.